கயிறு பிடிக்க ஓர் ஆள்

மலேசியாவில், ஈப்போ நகருக்கு வெளியே, ஒரு சுண்ணாம்புப் பாறையின் அடியில் பையைப் பிரித்துக் கொட்டுகிறேன். காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டுகிறது. மூன்று மாதம் திட்டமிட்ட பயணம். சாமான் பட்டியல், நண்பன் பாஸ்கர் கட்டிலில் படுத்தபடியே எழுதித் தந்தது. அறுபது மீட்டர் கயிறு, இடுப்புவார், தலைக்கவசம், கையுறை. சென்னை விமான நிலையத்தில் எடை கூடியபோது சட்டைகளைத்தான் எடுத்து வீசினேன். பட்டியலின் கடைசி வரி: ‘கயிறு பிடிக்க ஓர் ஆள். அங்கேயே கிடைக்கும்.’

கிடைத்தும் விடுகிறது. பக்கத்து ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கும் குமரன், விடுமுறை நாளென்று பாறை ஏற மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறான்.

“தனியாவா வந்தீங்க அண்ணே? நானும் தனியாத்தான் லா. மொதல்ல நீங்க ஏறுங்க, நான் கயித்தப் புடிக்கிறேன். அப்புறம் நான் ஏறுறேன், நீங்க புடிங்க.”

ஏறுகிறவன் தவறினால் கீழே நிற்கிறவன் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. போன மார்கழியில் பாஸ்கர் தவறியபோது கீழே நின்றவன் நான். அவன் இன்னும் எழுந்து நிற்கவில்லை.

“எனக்குப் பிடிக்கத் தெரியாது தம்பி.”

“தெரியாமயா இவ்ளோ சாமான் தூக்கிட்டு வந்தீங்க?” சிரிக்கிறான். பிறகு கீழே கிடக்கும் என் கையுறைகளைப் பார்க்கிறான். கயிறு ஓடி ஓடி இரண்டு உள்ளங்கைகளும் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. சிரிப்பு நின்றுவிடுகிறது.

“சரி லா அண்ணே. நான் ஏறல. நீங்க மட்டும் ஏறுங்க, நான் புடிக்கிறேன்.”

நான் கயிற்றைச் சுருட்டித் திரும்பப் பைக்குள் வைக்கத் தொடங்குகிறேன்.