தோணியைத் தள்ளாத ஆள்

போன செவ்வாய்க்கிழமை என் சிநேகிதர் செல்வராஜ் பாடினார். கடற்கரையில், உச்சி வெயிலில், கோட்டும் தொப்பியுமாக!

செல்வராஜ் நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸுக்கு மேனேஜராகப் புதிதாக வந்திருக்கிறார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜ்மெண்ட் பற்றிச் சீமைப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறார். திட்டம் போடு, ஆளுக்கொரு வேலை கொடு, சும்மா நிற்பவனை விடாதே... எல்லாம் அதில் இருக்கிறதாம்.

அன்றைக்கு, பழுது பார்த்து மணலில் கிடந்த தோணியைக் கடலில் இறக்கவேண்டும். பஞ்சுப் பேல்களை ஏற்றித் தூரத்தில் நிற்கும் ஸ்டீமருக்கு அனுப்பவேண்டும். சாயங்காலம் ஸ்டீமர் கிளம்பிவிடும். சரக்கு தவறினால் செல்வராஜும் ஊருக்குக் கிளம்பவேண்டியதுதான். முதலாளி அப்படியே சொல்லியிருந்தார். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போயிருந்தேன்.

ஆட்கள் தோள் கொடுத்தார்கள். அவர்களில் மிக்கேல் என்பவன் மட்டும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று, தோணி தள்ளுகிறவர்களுக்கான அம்பாப் பாட்டைப் பாடினான். அவன் ஓர் அடி பாட, மற்றவர்கள் ‘ஐலசா’ போட்டுத் தள்ள... தோணி நகர ஆரம்பித்தது.

செல்வராஜுக்குப் பொறுக்குமா?

“ஏலே மிக்கேலு, எல்லாவனும் தள்ளுதான், நீ மட்டும் பாடிக்கிட்டு நிக்க? தோளக் குடுல!”

மிக்கேல் வாயை மூடினான், தோளைக் கொடுத்தான். இப்போது ஓர் ஆள் கூடுதல். தோணி? அசைவேனா என்றது! இந்தப் பக்கத்தார் தள்ளும்போது அந்தப் பக்கத்தார் மூச்சு வாங்கினார்கள். “நீ தள்ளலல!” “நீதாம்ல தள்ளல!” என்று சண்டை வேறு.

வெயில் ஏற ஏறச் செல்வராஜின் முகம் கறுத்தது. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

“சரிடே, பாடித் தொலை” என்றார்.

“மூச்சு முட்டுது சார். நீங்க சும்மாதான நிக்கிய... நீங்களே பாடுங்களேன்!”

செல்வராஜ் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

பாவம், அவருக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பாட்டு மட்டும்தான். அதையே எடுத்துவிட்டார். அவர் ராகம் இழுத்து முடிப்பதற்குள் ஆட்களுக்குத் தூக்கமே வந்துவிடும் போலிருந்தது.

“இழுக்காதிய சார், வெட்டிப் பாடுங்க!” என்று தோணிக்கு அடியிலிருந்து மிக்கேல் கத்தினான்.

வெட்டினார். கை தட்டினார். குதித்தார் என்றே சொல்லலாம். ஆட்கள் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள் – தோணி தண்ணீருக்குள் போய் விழுந்தது! சரக்கும் ஸ்டீமர் ஏறிவிட்டது. ஊர்ப்பட்ட ஆட்களின் மூச்சை ஒரே மூச்சாக்குவதும் ஒரு வேலைதான் போலிருக்கிறது. அது சீமைப் புத்தகத்தில் எந்தப் பக்கமோ?

சாயங்காலம் முதலாளி காரில் வந்து இறங்கினார்.

“தோணிய எறக்குனது யாரு?”

“நாங்கதான் மொதலாளி” என்றான் மிக்கேல்.

“மேனேஜர் என்ன செஞ்சாரு?”

“அவரு சும்மா நின்னு பாடிக்கிட்டிருந்தாரு மொதலாளி!”

படுபாவி! செல்வராஜுக்கு வேர்த்துக் கொட்டியது.

முதலாளி யோசித்தார். “அப்படியா? போன மேனேஜர் எல்லாத்துலயும் கைய வச்சுக் கெடுத்தாரு. இவரே இருக்கட்டும்.”

செல்வராஜுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. தொண்டைதான் இன்னும் சரியாகவில்லை.