ஸ்டாண்டு போட்டால்தான் குச்சிக்கறி

கொழுப்பு ஒரு சொட்டு தணலில் விழும்போது எழும் அந்தச் 'சுர்ர்', அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஓடிவரும் புகை, புகைக்குள் பூண்டும் வறுத்த எள்ளும் அன்னாசிப்பூவும் கருகத் தொடங்கும் வெல்லமும். போன வாரம் அம்பத்தூரில் ஒரு துணிக்கடை வாசலில் ஆட்டோவுக்காகக் காத்திருந்தவளை, எங்கிருந்தோ வந்த அந்தப் புகை காதைத் திருகி இழுத்துக்கொண்டுபோய், நாற்பது வருடங்களுக்கு அப்பால், ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு எதிரே, புங்கமரத்தடியில் நிறுத்திவிட்டது.

அங்கே ஒரு தள்ளுவண்டி. அதன்மேல் தகர டின்னை நெடுக்காக வெட்டிச் செய்த நீள அடுப்பு; பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும் மூங்கில் குச்சிகள்; குச்சிகளில் வரிசையாகக் குத்தி வைத்த கோழிக்கறியும் ஈரலும்; அவற்றின்மேல் கோழியிறகால் தடவிக்கொண்டே இருக்க ஒரு சட்டி நிறையக் கருஞ்சாறு. அதைப் பார்த்துவிட்டு முதல் நாளே ஒருவர் கேட்டார்: "இன்னாக்கா இது, சைக்கிள் செயினுக்கு வுடற ஆயிலா?" வண்டிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "ஆமா நைனா, துன்னு பாரு, வாய் சும்மா வழுக்கிகினு ஓடும்."

அவளை எல்லோரும் 'சைனாக்கா' என்றுதான் கூப்பிட்டோம். "பொறந்தது ரங்கூனு, எங்க அப்பாரு தேவகோட்டை, சைனாவ நான் மேப்புலகூடப் பாத்ததில்ல" என்று சிரிப்பாள். ரங்கூனில் அடுத்த வீட்டுச் சீனக் குடும்பம் தெருவில் குச்சிக்கறி சுட்டு விற்றிருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மூக்காலேயே கற்றுக்கொண்டாளாம். பர்மாவிலிருந்து கப்பலேறியபோது நகையையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள், மூக்கை விட்டுவிட்டார்கள் என்பாள்.

எனக்குப் பத்து வயது. ஃபேக்டரியில் ஐந்து மணிச் சங்கு ஊதியதும், மடை திறந்ததுபோல் சைக்கிள்கள் பெருகி வரும். அந்த வெள்ளத்தில் அப்பா எங்கே என்று தேடிக்கொண்டு கேட்டருகே நிற்பேன். அப்பா ஃபிட்டர், கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், வீட்டில் நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் அந்த அடுப்பருகே நின்று, ஒரு குச்சி எனக்கும் ஒரு குச்சி தனக்கும் வாங்கிக்கொண்டால் போதும், அவருக்குள் எதுவோ இளகிவிடும். கிணற்றில் நீச்சல் பழகியது, ரயிலைத் தவறவிட்டது, மெஷினுக்கும் ஜலதோஷம் பிடிக்கும் என்பது, எல்லாம் அங்கேதான் எனக்குக் கிடைத்தன. வீடு திரும்பினால் அம்மா மூக்கைச் சுளித்து, "நீங்க வரதுக்கு முன்னாடியே உங்க சட்டை வந்துருது" என்பாள். அத்தோடு அப்பா பழையபடி மூடிக்கொள்வார்.

இப்படியிருக்கையில் வண்டிக்கு ஆபத்து வந்தது. பெரும்பாலானவர்கள் சைக்கிளைவிட்டு இறங்குவதே இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக் குச்சியை வாங்கி, ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை வாயில் என்று மிதித்துக்கொண்டே தின்பார்கள். தெரு திரும்புவதற்குள் கறி தீரும், குச்சி ரோட்டில் விழும். தேய்ந்த டயருக்குக் கூரான மூங்கில் போதாதா? வாரத்துக்கு நாலு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அந்த வாரம் நாலாவதாகத் தள்ளியவர், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் பரமசிவம்.

அவர் வண்டியெதிரே வந்து நின்று, பஞ்சரில் பிடுங்கிய குச்சியைச் சாட்சியாகத் தூக்கிக் காட்டினார். "ஞாயித்துக்கெழம சாயந்தரம் வருவேம்மா. ரோட்டுல ஒரு குச்சி கெடந்தாலும், திங்கக்கெழம இந்த எடத்துல வண்டி இருக்கக்கூடாது."

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. வண்டி போனால் அப்பாவின் பேச்சும் போய்விடுமே.

அப்பாவோ கவலைப்படுகிற ஆளில்லை, கழற்றிப் பூட்டுகிற ஆள். "குச்சியிலதான் கோளாறு. விடுங்கக்கா, நான் ஒண்ணு பண்ணித் தாரேன்" என்றவர், சைக்கிள் கடையில் பழைய ஸ்போக்ஸ் கம்பிகளை வாங்கிவந்து, தேய்த்துக் கழுவி, நிமிர்த்தி, நுனியை அரத்தால் ராவி, மறுநுனியை வளையமாக வளைத்து, ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தார். தின்றுவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரோட்டில் எதுவும் விழாது.

மறுநாள் கம்பியில் குத்தி அடுப்பில் வைத்தாள் சைனாக்கா. அடிப்பக்கம் வெந்ததும் திருப்பினாள். கம்பி திரும்பியது, கறி திரும்பவில்லை. மறுபடி திருப்பினாள். கம்பி வழவழவென்று உள்ளே சுற்ற, கறி தூக்கத்தில் எழுப்பப்பட்ட பிள்ளைபோல் அசையாமல் கிடந்தது. அடிப்பக்கம் கரி, மேல்பக்கம் பச்சை.

"இன்னாண்ணே, பேரிங் போட்டுக் குட்த்துட்டியா?"

அவ்வளவுதான், சுற்றி நின்ற அத்தனை தொழிலாளிகளுக்கும் கை ஊறிவிட்டது. லேத்துக்காரர் கம்பியில் பள்ளம் வெட்டலாம் என்றார். வெல்டர் இரண்டு கம்பியை ஒட்டலாம் என்றார். அடுப்பில் கறி கருகிக்கொண்டிருக்க, ஒருவர் தரையில் கரித்துண்டால் படமே போட்டார். "படத்த அப்பாலிக்கா போடு மாமே, மொதல்ல கறிய எட்றா" என்று கத்தினாள் சைனாக்கா.

அப்பா அசரவில்லை. மறுநாளே கம்பிகளைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பட்டையாக்கிவிட்டார். கறி திரும்பியது! கைதட்டல்கூட எழுந்தது. அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள், முதல் கம்பியை வாங்கிக் கறியை வழக்கம்போல் பல்லால் இழுத்த பெயின்டர், "ஆத்தாடி!" என்று துள்ளிக் குதித்தார். உதட்டில் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. கம்பி சூடாகும் என்பதை, நாளெல்லாம் இரும்போடு வாழ்ந்த அத்தனை பேரும் மறந்துபோயிருந்தார்கள். சரியென்று சைனாக்கா கறியை உருவிப் பாதாம் இலையில் வைத்துக் கொடுத்தாள். தின்றார்கள்; ஆனால் யார் முகமும் மலரவில்லை. அது வேறு ஏதோ கறியாகிவிட்டிருந்தது.

சனிக்கிழமை அவள் கம்பிகளையெல்லாம் சுருட்டி அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "கோச்சுக்காதண்ணே. கோளாறு குச்சியில இல்ல. இதுங்க சைக்கிள வுட்டு எறங்க மாட்டேங்குதுங்க பாரு, அதுலதான் கீது."

அன்றே சட்டம் போட்டாள்: சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டால்தான் குச்சிக்கறி. இங்கேயே நின்று தின்ன வேண்டும், தின்ற குச்சி அடுப்புக்குள் போக வேண்டும். ஒருவன் முறைத்தான்: "அவசரமா போறேங்க்கா." "போயிட்டு அவசரம் தீந்ததும் வா, கறி எங்கியும் ஓடாது."

ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைகளோடு ஆட்கள் நிற்க, மரத்தடியில் சைக்கிள்கள் வரிசையாக ஸ்டாண்டில் நின்றன. நானும் அப்பாவும் தெருமுனை வரைக்கும் இரண்டு தடவை நடந்து பார்த்தோம். ஒரு குச்சி இல்லை. அப்போதுதான் பரமசிவம் வந்தார்; சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு காலை ஊன்றி, ரோட்டை நெடுக நோட்டம் விட்டு, "ஒண்ணு குடும்மா, பாப்போம்" என்று கை நீட்டினார்.

சைனாக்கா கொடுக்கவில்லை. "ஸ்டாண்டு போடுங்க சார்."

தணலை விசிறிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. அப்பா என் தோளை அழுத்திப் பிடித்தார். செயலாளர் அவளைப் பார்த்தார், வரிசையாக நின்ற சைக்கிள்களைப் பார்த்தார், பிறகு மெல்ல இறங்கி, 'டக்'கென்று ஸ்டாண்டைப் போட்டார். ஒன்று தின்றார். இன்னொன்று தின்றார். குச்சிகளைத் தானே தணலுக்குள் சொருகினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்கு ஈரல் ரெண்டு எடுத்து வையி."

அன்றிலிருந்து அந்த மரத்தடி ஊர்ச்சபையாகிவிட்டது. இறங்கி நின்றவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? என் அப்பாவின் ரயில் கதையை லேத்துக்காரர் திருத்தினார், அப்பா சண்டை போட்டார், நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இன்று அந்த முனையில் புங்கமரம் இல்லை, சைக்கிள் வெள்ளமும் இல்லை. அம்பத்தூரில் புகையைத் தேடிப்போய் நானும் ஒன்று வாங்கினேன். நன்றாகத்தான் சுடுகிறான் பையன். பைக்கில் வந்தவர்கள் என்ஜினை அணைக்காமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல், பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பறந்தார்கள்.

வண்டி போய்விடுமே என்று பயந்தோமே, கடைசியில் வண்டி இருந்தது, நாங்கள்தான் போனோம். நான் பத்தாவது முடித்த கோடையில், அம்பத்தூர்ப் பக்கம் கள்ளிக்குப்பத்தில் அப்பா சொந்தமாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். சாமான் ஏற்றிய லாரி கேட்டைத் தாண்டும்போது அப்பா நிறுத்தச் சொல்லி இறங்கினார். சைனாக்கா கரியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். கறி இன்னும் அடுப்பில் ஏறவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"தண்ணி நல்லா கீதான்னு பாத்தே, பஸ் கீதான்னு பாத்தே, பாப்பாவுக்கு ஸ்கூலு பாத்தே. முனையில நின்னு பேச ஒரு கடை கீதான்னு பாத்தியாண்ணே?"

அப்பா லாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"அத மட்டும் பாக்கலியேக்கா."