மாமா வைத்த தீ

அம்மாவின் தம்பி வனத்துறையில் தற்காலிகக் காவலராக இருந்தார். ஆரம்பாக்கத்துக்கு மேற்கே இருந்த தைலமரக் காட்டில் விறகு பொறுக்கக் கூடாது, ஆடு மேய்க்கக் கூடாது, பீடி பற்றவைக்கக் கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தான். எங்கள் அடுப்புக்கு விறகு அங்கிருந்துதான் வந்தது. அக்கா கிழக்கே நுழைந்தால் தம்பி மேற்கே ரோந்து போவார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அது மாசி மாதம். கோடைக்கு முன் காட்டோரத்துக் காய்ந்த புல்லைத் துறையே கொளுத்திவிடும். பிறகு பெரிய தீ வந்தால் அந்த வெற்றுத்தரையோடு நின்றுவிடும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று காலை அம்மா கொடுவாளோடு உள்ளே போயிருந்தாள். நான் வண்டிப்பாதையில் உட்கார்ந்து சேற்றுக் கறை படிந்த என் பாவாடையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஜீப் வந்து நின்றது. ரேஞ்சரும் ஆட்களும் இறங்கினார்கள். விசில் ஊதினார்கள். மாமா குனிந்து, பந்தத்தைப் புல்லில் வைத்தார்.

பீடி பிடித்தவனை அடிக்கப் போன மனிதர் காட்டைக் கொளுத்துகிறார்!

அப்போது காற்று திரும்பியது. தீ புல்லைத் தாண்டி மரங்களுக்குள் பாய்ந்தது.

"மாமா! அம்மா உள்ள கீது!"

அவர் முகம் வெளுத்துப்போனதை இன்னும் மறக்கவில்லை. பச்சைக் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு புகைக்குள் ஓடினார். மற்றவர்கள் தீயை அடித்து அணைத்தார்கள்.

கடைசியில் அம்மா இருமிக்கொண்டே வெளியே வந்தாள். முந்தானை கருகியிருந்தது. பின்னாலேயே மாமா, கையெல்லாம் கொப்புளம்.

"யாருய்யா இது? தெரிஞ்ச பொம்பளையா?" என்றார் ரேஞ்சர். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையுமே மாமா என்று கூப்பிடும் என்பதால், என் கூச்சலில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

"தெரியாது சார்," என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி. பிறகு அம்மாவின் கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டு அதட்டினார். "இன்னாம்மா, உசுரு மேல ஆச இல்லியா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"தப்புதான் சார். இனிமே வரமாட்டேன்," என்று அவள் தன் தம்பியைக் கும்பிட்டாள்.

தீயைவிட அதுதான் என்னை உலுக்கியது.

பொழுது சாய்ந்ததும் மாமா கொல்லைப்பக்கமாக வந்தார். அம்மா அவர் கையில் மருந்து தடவினாள். "வேலைக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று மட்டும் கேட்டாள். அவர் இல்லையென்று தலையாட்டினார். அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டாள்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். யாரென்றே தெரியாது என்று சொன்னவருக்கு எப்படி ஊட்ட மனசு வந்தது என்று அம்மாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.