ஆடாத வீடு வேண்டுமென்று கேட்டேன்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் வீடு ஆடியது. நான் சாவகாசமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

ஏன் ஓடவில்லை என்கிறீர்களா? எங்கள் பக்கத்து மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் எடுக்கத் தினமும் வெடி வைப்பார்கள். ஜன்னல் அதிரும், பாத்திரம் உருளும். பழகிவிட்டது. இன்று வெடிமருந்து கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன்... அவ்வளவுதான்!

தெருவே வெளியில் நின்று கத்திய பிறகுதான் உறைத்தது. பூகம்பம்!

உள்ளறையில் என் மகள் காமாட்சி, எட்டு நாள் பிள்ளையோடு படுத்திருந்தாள். இருவரையும் வெளியே கொண்டுவந்து விட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். அவர்கள் தலைமாட்டுச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல்.

செங்கல்லும் சுண்ணாம்புமாகப் பார்த்துப் பார்த்து, மேலே தளம் போட்டுக் கட்டிய மெத்தை வீடு ஐயா! கொல்லையிலுள்ள மாட்டுக் கொட்டகையோ ஓர் ஓலைகூடச் சரியாமல் நிற்கிறது. தாயும் பிள்ளையும் இப்போது அங்கேதான்.

வீட்டைக் கட்டிய மாரப்பக் கொத்தனாருக்கு ஆளனுப்பினேன். வந்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"கொட்டாய் ஆடிக் குடுத்துச்சுங்க, நின்னுக்கிச்சு. உங்க ஊடு ஆடமாட்டேன்னு வெறச்சு நின்னுச்சு, வெடிச்சுப்போச்சு."

"ஆடாத ஊடு வேணும்னுதானே உங்ககிட்ட வந்தேன்?"

"ஆமாங்க."

"அப்ப எதிர்த்த ஊட்டு மண்செவுரு ஏன் உளுந்துச்சு?"

"அதுக்கு ஓட்டுக்கூரைங்க. தலைப்பாரம் தாங்கலை."

"என்ர மெத்தை மட்டும் பாரமில்லையா?"

"பாரந்தானுங்க. ஆனா உங்க செவுரு கெட்டி."

எனக்குத் தலை சுற்றியது. கெட்டியாக இருந்தால் வெடிக்கும், இல்லாவிட்டால் விழும்... அப்படியானால் மனிதன் எதைத்தான் கட்டுவது?

கொட்டகையில் பிள்ளைக்குக் கொசுக்கடி, பனி வேறு. "பனியா, செவுரா? நீங்களே சொல்லுங்கப்பா" என்கிறாள் காமாட்சி. நான் எதைச் சொல்வேன்? எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது.

"ஒரே வார்த்தை சொல்லுங்க கொத்தனாரே. பிள்ளையை உள்ள கொண்டு போலாமா, வேண்டாமா?"

"தாராளமாப் போலாமுங்க. இனி அசையாது. நாங் கட்டுன செவுருங்க!"

அப்பாடா என்றிருந்தது. "அப்படியே உள்ள வந்து அந்த விரிசலை ஒருக்காத் தட்டிப் பார்த்துருங்க" என்றேன்.

மாரப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எதுக்குங்க... இங்கிருந்தே நல்லாத் தெரியுதுங்களே!"

பேரன் இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறான்.