ஈசலா, எறும்பா

வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிப்பது அவர் தொழில். எல்லோருக்கும் அவர் மருந்துக்காரர்தான். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில், சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே கரையான் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் "இங்கே மருந்தே வேண்டாம்" என்று அவர் சொன்னால் மட்டும் யாரும் நம்புவதில்லை. வேலை தெரியாதவர் என்று நினைத்து வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். செல்போனில் பூச்சியைப் படம் எடுத்துக் காட்டினால், அது கலங்கலாகத்தான் விழும். ஒரு வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன, சீரகமா?" என்று கேட்டார்.

கேமரா வாங்குவதென்று முடிவானது. ஆனால் கேமராவைப் பற்றி அவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. தையல் ஆலையில் தயாரான சட்டைகளைச் சரிபார்க்கும் அவர் மனைவிதான் வழி சொன்னாள்.

"நமக்குக் கேமரா பார்க்கத் தெரியாது. எறும்பு பார்க்கத் தெரியுமில்ல? ஒண்ணை எடுத்துட்டு வாங்க."

செத்த எறும்பொன்றை வெள்ளை அட்டையில் ஒட்டித் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இருவரும் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் தூரத்து மலையைக் கிட்டே இழுக்கும் ஜூமைப் பற்றியே பேசினார். அடுத்து காட்டிய பெரிய கேமராவுக்குக் கிட்டப் படம் எடுக்கத் தனி லென்ஸ் வேண்டுமாம். அந்த லென்ஸ் கேமராவைவிட விலை கூடுதல். மருந்துக்காரர் தீப்பெட்டியைப் பைக்குள் வைக்கப் போனார்.

பழுது பார்க்கும் மேசையிலிருந்த பெண் தலையை நிமிர்த்தி, எவ்வளவு கிட்டப் போனாலும் தெளிவாகத் தெரிகிறதா என்பதை மட்டும் பார்க்கச் சொன்னாள். பழைய கேமராக்கள் இருந்த அலமாரியிலிருந்து, மூலையில் கீறல் விழுந்த சின்னக் கேமரா ஒன்றை எடுத்துத் தந்தாள். பூப் படம் போட்ட பொத்தானை அழுத்தி, ஜூமைத் தொடாமல், எறும்புக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் பிடித்தாள். திரையில் எறும்பின் கால்மூட்டு ஒவ்வொன்றும் தெரிந்தது. மனைவி சட்டையைச் சோதிப்பதுபோல உற்றுப் பார்த்துவிட்டு, "இதையே எடுத்துக்குங்க" என்றாள். விலையும் அவர்கள் நினைத்து வந்ததற்குள் அடங்கியது.

முதல் வாரம் எடுத்த படங்களெல்லாம் கை அசைந்ததில் பாழாயின. பிறகு கேமராவைப் புத்தக அடுக்கின்மேல் வைத்து, இரண்டு நொடி கழித்துத் தானே எடுக்கும்படி விடப் பழகினார். நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினார்.

அடுத்த மாதம் ஓர் ஆசிரியை கூப்பிட்டார். புதிதாக வாங்கிய வீடு, ஜன்னலடியில் குவியலாக இறக்கைப் பூச்சிகள். வேறொருவர் பார்த்துவிட்டு, கரையான் என்றும் தரை முழுக்க உடைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆசிரியைக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மருந்துக்காரர் ஒரு பூச்சியைத் தாளில் வைத்துப் படம் எடுத்தார். பக்கத்தில், தான் முன்பு எடுத்த ஈசல் படத்தையும் காட்டினார்.

"கரையானுக்கு இறக்கை முளைச்சா ஈசல். அதுக்கு நாலு இறக்கையும் ஒரே நீளம்மா, இடுப்பே கிடையாது. இதுக்கு இடுப்பு நூல் மாதிரி இருக்கு, பின் இறக்கை குட்டை. இது இறக்கை முளைச்ச எறும்புதான்."

ஆசிரியை இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து கணவருக்குப் போன் போட்டார். "தரையை உடைக்க வேண்டாம்" என்று சொல்லும்போதே குரல் உடைந்து சிரிப்பாகிவிட்டது.

மருந்துக்காரர் கேமராவைப் பையில் வைத்தார். கதவு நிலைகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். எங்கும் கரையான் உள்ளே அரித்த வெற்றுச் சத்தம் இல்லை. ஜன்னலடி வெடிப்பைப் பூசி அடைத்துவிட்டு, ஆசிரியை தந்த தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.