மருதமுத்துவுக்கு நாம் கொடுத்த நன்றியுரை

வியாழக்கிழமை காலை மருதமுத்துவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா போயிட்டாரு சேர்" என்றாள். கண்டி மஹய்யாவையில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் வெள்ளைக் கொடிகளோடு ஒரு பதாகையும் ஏறியிருந்தது. 'விஞ்ஞானப் புனைகதையின் சிகரம்' என்று போட்டு, கீழே நமது இலக்கிய வட்டத்தின் பெயர். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர் அவர். கண்டியின் மேட்டு வீதிகளில் வீடு வீடாகப் படியேறித் தண்ணீர் மீற்றர் பார்த்தார். பழைய படிவங்களின் பின்பக்கத்தில் வேற்றுக் கிரகக் கதைகள் எழுதினார். அந்தச் சிகரத்துக்கு நம் மாநாடுகளில் நாம் கொடுத்தது என்ன? நன்றியுரை. ஒவ்வொரு முறையும் நன்றியுரை மட்டும்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை பாடம் முழுவதும் கையை உயர்த்திக்கொண்டே இருக்கிறது. ஆசிரியர் பார்க்கவில்லை. மணி அடித்ததும் அதே பிள்ளையைக் கூப்பிட்டுக் கரும்பலகையைத் துடைக்கச் சொல்கிறார். அந்த ஆசிரியர்கள் நாம்தான்.

ஒரு மாநாட்டில் நம் தலைவர் மேடையிலிருந்தே கேட்டார்: "லயத்துக் கூரையே ஒழுகுது, நீங்க செவ்வாய்க் கிரகத்துக்குப் போறீங்களே மருதமுத்து?" சபை சிரித்தது. நானும் சிரித்தேன். மருதமுத்து இருந்த இடத்திலிருந்தே, "அந்த ஓட்டையால மழை மட்டுமா சேர் வந்திச்சு? வானமும் தெரிஞ்சிச்சே" என்றார். அதற்குச் சிரிப்பு எழவில்லை.

கம்பளையில் நடந்த கூட்டத்தை நீங்கள் மறந்திருக்கலாம். அன்றும் நன்றியுரைக்குத்தான் அழைத்தோம். அவர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்து, 'செவ்வாயில் பிரட்டு' என்ற கதையை வாசிக்கத் தொடங்கினார். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்களே, அந்தப் பிரட்டுதான். கதையில், ஆட்கள் எல்லாரும் போன பிறகும் ஓர் இயந்திரம் தினமும் பெயர்களைக் கூப்பிடுகிறது. பதில் இல்லை. ஒரு நாள், 'மீனாட்சி' என்று கூப்பிட்டதும் தூரத்தில் ஒரு குரல் கேட்கிறது.

அந்த இடத்தில் அவர் கைக்கு ஒரு துண்டுச் சீட்டு போனது. 'சாப்பாடு ஆறுகிறது, முடியுங்கள்.' எழுதியவன் நான். அன்று செயலாளர் நான்தான். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், தாள்களை மடித்துக்கொண்டு இறங்கினார். நாம் புரியாணிக்கு வரிசையில் நின்றோம். மீனாட்சி என்ன சொன்னாள் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. சாப்பிடும்போது அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பேர் கூப்பிட்டா பதில் சொல்ல விடணும் சேர்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் இன்றும் சுடுகிறது.

முப்பத்தோராம் நாள் அஞ்சலிக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. ஒன்பது பேர் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அவருடைய கதைக்கு ஒரு நிமிடமும் இல்லை. நன்றியுரை என் பெயரில் இருக்கிறது. சம்மதித்துவிட்டேன்.

அவர் மகள் அந்தத் தாள்களை என்னிடம் தந்திருக்கிறாள். நான் எழுதிய துண்டுச் சீட்டும் அவற்றோடு மடிந்து கிடக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான். அஞ்சலிக் கூட்டத்தன்று நான் யாருக்கும் நன்றி சொல்லப் போவதில்லை. அவர் நிறுத்திய வரியிலிருந்து வாசிப்பேன். சாப்பாடு ஆறட்டும். மீனாட்சியின் பதில் இது:

"இருக்கேங்க. வேலைக்குத்தான் வர மாட்டேன்."