முந்தானையில் முடிந்த பிளக்

எங்கள் ஊர் காஜா பேராங் பட்டறையில் என் மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய மெக்கானிக், "முனை வெளுத்துப் போச்சு அங்கிள், இஞ்சின் ரொம்பச் சூடாவுது" என்றார்.

அப்படி வெளுத்த முனையை எட்டு வயதில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த 1957ஆம் வருடம் அது. அப்பா மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுவார். இஞ்சினைச் சூடேற்ற ஒரு பிளக், பந்தயத்துக்கு வேறொன்று. பந்தயப் பிளக்கைத் தொலையாமலிருக்க அம்மாவின் முந்தானையில் முடிந்து வைப்பார்.

"மாத்தாம ஓட்டுனா என்னங்க ஆவும்?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

"பிஸ்டன் ஓட்டையாயிடும். போற வேகத்துலயே பின்சக்கரம் இறுகிடும்" என்று சிரித்தார்.

அன்று மழை இருட்டிக்கொண்டு வந்ததால் பந்தயத்தை முன்னதாகவே தொடங்கிவிட்டார்கள். அப்பா ஓடிப்போய், சூடேறிக்கொண்டிருந்த வண்டியில் ஏறினார். கொடி இறங்கியது. புகைக்குள் அவர் முதுகு மறைந்தது.

கைதட்டிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று முந்தானையைத் தடவினாள்.

முடிச்சு அப்படியே இருந்தது.